நாலு வரி போதும், தங்கச்சி

"சேர், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 43. எட்டாம் ஆண்டு வரை படித்தேன். போன வருடம் சிவராத்திரிக்குக் கோயிலில் ஒரு திருவாசகப் புத்தகம் கிடைத்தது. விளக்கு வைத்ததும் தினம் கொஞ்சம் வாசித்து, முதலிலிருந்து கடைசி வரை ஒருதரம் முடித்துவிட்டேன். மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் அர்த்தம் தெரியவில்லை. இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் மூன்று பேர் வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், வந்து உட்காருகிறார்கள். நான் வாசிக்க அவர்கள் கேட்பார்கள். உயர்தரத்தில் இந்து நாகரிகம் படிக்கும் என் மகன், 'கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி என்ன பிரயோசனம்' என்று சிரிக்கிறான். கோயில் கமிட்டித் தலைவர், மச்சம் மாமிசம் சாப்பிடுகிற பொம்பளைகள் திருமுறை ஓதினால் குற்றம், குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். மாதத்தில் அந்த மூன்று நாள் புத்தகத்தைத் தொடலாமா என்றும் தெரியவில்லை. பகவத் கீதை படிக்கவும் ஆசை. ஆனால் சமஸ்கிருதம் தெரியாது. பாரதம் வீட்டில் படித்தால் சண்டை வரும் என்று மாமியார் சொல்கிறார். நாங்கள் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா? கடைசியாக ஒன்று: 'அண்ணிப்பான்' என்றால் என்ன? மகனிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை."

தங்கச்சி, நிறுத்த வேண்டாம். நீங்கள் கேட்டவற்றில் இது ஒன்றுக்குத்தான் ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. மற்றதெல்லாம் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியவை.

திருவாசகத்தில் 51 பகுதிகள், 658 பாடல்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், பகல் முழுக்க மலையில் நின்று, சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பையும் மூட்டிவிட்டு, அதற்கப்புறம் அதை வாசித்து முடித்திருக்கிறீர்கள். நான் 29 வருடம் சைவநெறி கற்பித்தவன். அதில் கடைசி ஒன்பது வருடம் பாடசாலை பாடசாலையாகப் போய் ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் வேலை. பாடத்திட்டத்தில் இருக்கிற பாட்டுகளைத் தாண்டி அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்த ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானே முழுதாக வாசித்தது வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான்.

சரி, ஒருதரம் முடித்தாயிற்று. இனி வேகம் வேண்டாம். இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒரு வெள்ளிக்கு நாலு வரி. அதற்கு மேல் ஆசை வந்தாலும் போகாதீர்கள். தினமும் விளக்கு வைத்து நீங்கள் தனியாக வாசிப்பது வேறு. அதை வழக்கம்போலச் செய்யுங்கள். நான் சொல்வது அந்த நாலு பேர் உட்காரும் வெள்ளிக்கிழமையைப் பற்றி.

திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் 95 வரி. வெள்ளிக்கு நாலு வரி என்றால் 24 வெள்ளி, ஏறக்குறைய ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஒரே ஒரு பகுதியா என்று மற்ற மூன்று பேரும் முணுமுணுக்கலாம். அவர்களுக்குச் சிவபுராணத்தின் கடைசி வரிகளை வாசித்துக் காட்டுங்கள். "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" என்றுதான் அங்கே இருக்கிறது. இத்தனை தரம் சொன்னவர், இத்தனை நாளில் முடித்தவர் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆகவே உங்கள் மகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிரித்ததில்தான் இல்லை.

யாழ்ப்பாணப் பக்கத்துக் கோயில்களில் புராண படனம் என்று ஒரு வழக்கம் உண்டு. கந்தபுராணத்தை ஒருவர் பாட்டாக வாசிப்பார். பக்கத்தில் இன்னொருவர் இருந்து, அந்தப் பாட்டுக்குப் 'பயன்' சொல்லுவார். பயன் என்றால் அர்த்தம், விளக்கம், கூடவே ஒரு கதையும் வரும். கேட்க வந்தவர்களில் ஏட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனாலும் சூரபன்மன் கதை முழுக்க அவர்களுக்குத் தெரியும். நம் மலையில் அந்த வழக்கம் அந்த வடிவத்தில் வேர்விடவில்லை. அதற்குப் பதில் நமக்குக் கூத்து இருக்கிறது. மாசியில் காமன் கூத்து ஆடும்போது வாத்தியார் ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி, அது ஏன் அப்படி என்று சொல்லி, அப்புறம் அடுத்த பாட்டுக்குப் போகிறாரே, அதுவும் பயன் சொல்லுவதுதான். மன்மதனைச் சிவன் எரித்த கதையை நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் ரதி புலம்பும் இடம் வந்தால் லயமே அழுகிறது. வேதம், புராணம் எதுவும் தெரியாத கூட்டம் என்று உங்களை நீங்களே குறைத்து நினைக்க வேண்டாம்.

இஸ்தோப்பிலும் அதையே செய்யுங்கள். நீங்கள் நாலு வரியைப் பாடுங்கள். அப்புறம் அதே நாலு வரியைச் சொல் சொல்லாகப் பிரித்து, மெதுவாக, பேசுகிற மாதிரி வாசியுங்கள். அச்சில் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடப்பதால்தான் பாதி கஷ்டம். பிரித்தாலே பல வரிகள் தானாகத் திறந்துகொள்ளும். தெரியாத சொல்லை மகன் சொல்லட்டும். அவனைப் பயன் சொல்பவனாக உட்கார வைப்பதற்குத்தான் இத்தனை நேரம் வந்தேன். உயர்தரத்துக்கு இந்து நாகரிகம் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. அவன் வாயைத் திறக்கும் முன், வந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அந்த வரி தங்களுக்கு என்னவாகப் படுகிறது என்று சொல்லிவிட வேண்டும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் என்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஏழாவது வெள்ளியில் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்ற வரி வரும். அதிலிருந்து கல், மனிதர், பேய், அசுரர், முனிவர், தேவர் என்று அடுக்கிக்கொண்டே போய், எட்டாவது வெள்ளியில் "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று முடியும். எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் இதற்குச் 'சோர்ந்தேன்' என்று பொருள் எழுதுவார்கள், நாங்களும் புள்ளி போடுவோம். ஆனால் நிறைந்த கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, மழையில் வழுக்குகிற பாதையில் மேலே ஏறி, நடுவில் நின்று மூச்சு வாங்குகிறபோது உங்கள் வாயில் என்ன வருகிறது? "எளைக்குது". அதே சொல். ஏறின ஏற்றம் காலிலும் நெஞ்சிலும் இருக்க, இன்னும் ஏற வேண்டியது கண்ணுக்கு முன்னால் நிற்க வருகிற சொல் அது. ஒரு பிறப்பு ஏறி, இன்னொரு பிறப்பு ஏறி, நடுவழியில் நின்று எம்பெருமானே என்கிறார் மாணிக்கவாசகர். இந்த அர்த்தத்தை எனக்குப் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று சொன்னது. அதன் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான்.

அந்தப் 'பூடு' பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தேன். மார்கழி பஜனை. விடியற்காலை நாலரைக்குப் பனியில் சேமக்கலத்தை அடித்துக்கொண்டு லயம் லயமாகப் பாடிப் போவார்கள். முன்னால் பாடுகிறவர் எழுபது வயது கடந்த ஒரு பெரியவர், எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் காதால் கேட்டுப் பாடம். அவர் "புல்லாகிப் பூண்டாகி" என்று பாடினார். நான் இளரத்தம். கோயில் முன்னால் எல்லாரும் நிற்கும்போது, "தாத்தா, பூண்டாகி இல்லை, பூடாய், சரியாகப் பாடுங்கள்" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், சாமி வெள்ளைப்பூண்டாகப் பிறந்தாரா என்று. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பஜனைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "நீங்க படிச்சவங்க தம்பி, நீங்களே பாடுங்க" என்றார், கோபமே இல்லாமல். அடுத்த மார்கழிக்குள் எனக்கு மாற்றம் வந்து வேறு பாடசாலைக்குப் போய்விட்டேன். பல வருடம் கழித்து அகராதியைப் புரட்டும்போது பார்க்கிறேன்: பூடும் பூண்டும் ஒரே சொல்தான், சிறு செடி என்று பொருள். பாட்டில் உள்ள எழுத்து 'பூடாய்' என்பது உண்மை. ஆனால் பெரியவர் பொருளில் பிழைவிடவில்லை. நான்தான் அந்த ஊர் பஜனையை நிறுத்தினேன். உங்கள் மகனிடம் இந்தப் பத்தியை மட்டும் தனியாக வாசிக்கக் கொடுங்கள்.

உச்சரிப்புத் திருத்தத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. லகர, ளகர, ழகரம் மாறினால் பொருள் மாறும் இடங்கள் இருக்கின்றன. அதைக் கூட்டத்தில் அல்லாமல், அடுத்தநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மெல்லச் சொல்லலாம்.

இனிக் கோயில் தலைவர் சொன்னது. அவர் இல்லாததைச் சொல்லவில்லை என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறுமுக நாவலர் தம்முடைய சைவ வினாவிடையில், மது மாமிசம் விலக்கி, ஆசாரத்தோடு, சிவதீட்சை பெற்றவர்கள் தேவார திருவாசகம் ஓத வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். புத்தகத்தைத் தரையிலோ மடியிலோ படுக்கையிலோ வைக்காமல் பீடத்தில் வைத்து ஓத வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பாடசாலைகளுக்கு நடுவே நின்று, சைவர்கள் தங்கள் நூல்களை மதிப்போடு நடத்த வேண்டும் என்று அவர் கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் "குடும்பத்துக்கு ஆகாது" என்பது நாவலர் பேச்சில்லை. அது தலைவர் தாமாகச் சேர்த்தது. பயப்படுத்துவதற்கு என்று திருமுறை இருந்தால் அதை யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். காளத்தி மலையில் வேடர் ஒருவர், தாம் கடித்துப் பார்த்து ருசி கண்ட இறைச்சியைச் சுவாமிக்கு வைத்தார், வாயில் கொண்டுவந்த தண்ணீரால் அபிடேகம் செய்தார். பூசை செய்யும் சிவகோசரியார் அதைப் பார்த்துத் துடித்துப்போனார். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகப் பாடுகிறார். மாணிக்கவாசகர், "கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்" என்று, தமக்கு அந்த வேடரளவு அன்பு இல்லையே என்று ஏங்குகிறார். இது உங்கள் கையில் இருக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது, திருக்கோத்தும்பி என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். அதற்காக, கண்ணப்பரே சாப்பிட்டாரே என்று தலைவரோடு வாதாடப் போக வேண்டாம். கண்ணப்பர் கதை மாமிசத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லை. தோட்டத்தில் எப்படியும் வெள்ளிக்கிழமை அநேக வீடுகளில் மரக்கறிதான். அன்றைக்குக் குளித்து, மரக்கறி சாப்பிட்டு, புத்தகத்தை ஒரு மணையில் துணி விரித்து வைத்து வாசியுங்கள். ஒழுங்குக்கு அது போதும். தகுதிக்கு, சிவபுராணத்திலேயே "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்று இருக்கிறது. வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்றால், நீங்கள் நாலு பேர் உட்கார்ந்ததும் அவன் அருளால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'பொம்பளைகள்' என்பதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. பதினோராம் திருமுறையில் காரைக்காலம்மையார் பாடியவை இருக்கின்றன. திருவெம்பாவை இருபது பாட்டும் பெண்கள் பாடுவதாக அமைந்த பாட்டு, முதல் எட்டிலும் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள். தலைவரிடம் போய், வருகிற மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் கோயிலில் நாங்கள் பாடலாமா என்று கேளுங்கள். அநேகமாக மறுக்க மாட்டார். மறுத்தாலும் இஸ்தோப்பு இருக்கிறது.

மூன்று நாள் விஷயம். கோயில் வழக்கம் கோயிலுக்குரியது, அங்கே அதைப் பின்பற்றுங்கள். வீட்டில், மாமியாருக்குச் சங்கடம் என்றால் புத்தகத்தைத் தொடாமல் மனப்பாடமாக இருப்பதைச் சொல்லுங்கள். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், சிவபுராணத்தின் முதல் வரிக்கு அடுத்ததே "இமைப்பொழுதும் என்னெஞ்சில் நீங்காதான்" என்கிறது. இமைப்பொழுதும் நீங்காதவன் மூன்று நாள் மட்டும் எங்கே போவான்?

பாரதம் படித்தால் சண்டை வரும் என்பது மாமியார் மட்டும் சொல்வதில்லை, என் பாட்டியும் சொன்னார். எங்கள் லயத்தில் ஒருவர் வீட்டிலும் பாரதம் இருக்கவில்லை. ஆனாலும் பீலித் தண்ணீருக்கு வாரம் ஒரு குருக்ஷேத்திரம் நடந்தது. அர்ச்சுனன் தபசு ஆடும்போது அவன் பாசுபதம் வாங்கக் கம்பம் ஏறுவதை மாமியாரும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருப்பாரே, அதுவும் பாரதம்தான். கீதை அந்தப் பாரதத்தின் பீஷ்ம பருவத்துக்குள் இருப்பது, 18 அத்தியாயம், 700 சுலோகம். சமஸ்கிருதம் வேண்டியதில்லை. பாரதியாரே தமிழில் தந்திருக்கிறார். ஆனால் சிவபுராணம் முடிகிற வரைக்கும் கீதையைத் தொட வேண்டாம் என்பது என் யோசனை. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் இரண்டிலும் மேலோட்டம்தான் மிஞ்சும். தொடங்கும்போதும் முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். அங்கே இரண்டு பக்கத்துப் படைவீரர் பெயர்களும் சங்குகளின் பெயர்களும்தான் முன்னால் வந்து நிற்கும். 12ஆம் அத்தியாயம், பக்தி யோகம், இருபதே சுலோகம், அதிலிருந்து போங்கள். அப்புறம் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஓர் இலையோ பூவோ பழமோ தண்ணீரோ அன்போடு தந்தால் ஏற்கிறேன் என்று கண்ணன் சொல்லுமிடம். திருமூலரும் "யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை" என்றார். கிலோக் கணக்கில் இலை பறித்துக் கொடுத்தும் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழுமா என்று நிற்கிறவர்களுக்கு, ஒற்றை இலையில் திருப்திப்படுகிற ஒரு முதலாளியைப் பற்றிப் படிக்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சிவபுராணத்துக்கு அடுத்து என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வரிசையாகப் போகாமல் திருப்பூவல்லிக்குத் தாவுங்கள். பெண்கள் கூட்டமாகப் பூப்பறித்துக்கொண்டே பாடுகிற பாட்டு அது. ஒவ்வொரு பாட்டும் "பூவல்லி கொய்யாமோ" என்று முடியும். மலையில் நிரையில் நிற்கும்போது ஒருத்தி முன்னடி எடுக்க, மற்றவர்கள் அந்தக் கடைசி அடியைச் சேர்ந்து பிடிக்கலாம். கங்காணி ஒன்றும் சொல்லமாட்டார், கை நிற்காத வரைக்கும்.

புத்தகத்தைப் பற்றியும் ஒன்று. மஸ்கெலியா மழைக்குப் புத்தகம் பூஞ்சணம் பிடித்துவிடும். சாமித்தட்டில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுவர் ஈரம் இழுக்கும். துணியில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பையில் போட்டு, வெயில் காட்டுகிற நாளில் பிரித்து ஆற வையுங்கள்.

மகன் சொல்லத் தெரியாமல் நின்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "ஆகமம் ஆகிநின்று அண்ணிப்பான் தாள்வாழ்க" என்பது நாலாவது வரி. ஆகவே முதல் வெள்ளியிலேயே வந்துவிடும். அண்ணித்தல் என்றால் கிட்ட வருதல். அண்ணித்தல் என்றால் தித்தித்தல் என்றும் இருக்கிறது. ஆகமமாக நின்று நம் பக்கத்தில் வருகிறவன் என்றும் எடுக்கலாம், ஆகமமாக நின்று இனிக்கிறவன் என்றும் எடுக்கலாம். இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. நான் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது எழுதப் போவதில்லை. நாலு பேரும் இந்த வெள்ளி பேசிப் பாருங்கள், மகன் கடைசியில் பேசட்டும். உங்கள் இஸ்தோப்பில் எது ஜெயித்தது என்று எனக்கு எழுதுங்கள்.